சிரிக்காத மாலுமி

மார்ச் 4
ரசிகர் மன்ற இதழுக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாகியும் எங்கள் விண்கல டிவி தொடரின் இயந்திர மாலுமியை ஏன் யாராலும் மறக்க முடியவில்லை? என்னைவிட்டால் இதை எழுத வேறு ஆள் ஏது? ஆண்டுக் கூட்டத்தில் மாலுமி வேஷம் போட்டவர்கள் நாள் முழுக்கச் சிரிக்கக் கூடாது. முதலில் சிரிப்பவர்தான் கூடத்தைப் பெருக்க வேண்டும். பதினோரு வருஷமாக நான் விளக்குமாற்றைத் தொட்டதில்லை.

முதல் வரி: "அவன் எதற்கும் கலங்க மாட்டான்." அதற்குமேல் பேனா நகரவில்லை.

மார்ச் 6
மகள் தன் சித்தி வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம். வரும் ஞாயிறு சித்தி வந்து அழைத்துப் போவாள். "சரி" என்றேன். காரணம் கேட்கவில்லை. அவள் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

மார்ச் 7
கிளினிக்கில் நான்கு பேருக்குக் காதுக் கருவி பொருத்தினேன். "கேக்குதா? இப்போ?" என்று நாள் முழுக்கக் கேட்ட வாய், வீட்டில் திறக்க மறுக்கிறது.

மார்ச் 8
மைத்துனி போனில் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். "அக்கா போன அன்னிக்கு உங்க மன்றத்துக்காரர் ஒருத்தர், 'அசல் மாலுமி மாதிரியே நின்னீங்க சார்'னு கையைப் பிடிச்சாரே, ஞாபகமிருக்கா மாமா? நீங்க தேங்க்ஸ் சொன்னீங்க. உங்க பொண்ணு பின்னாடிதான் நின்னுட்டிருந்தா."

சொன்னேன்தான். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. என்ன மனுஷன்டா நீ? அழுதா உடைஞ்சிடுவேன்னு பயந்தேன், அவ்வளவுதான் — அது அவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 9
கட்டுரைக்காகப் பழைய பாகங்களைப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தால் அவனிடம் கேள்விதான். "இதுக்குப் பேருதான் வருத்தமா? எங்க வலிக்குது?" விண்கலத்தில் ஒருவரையும் விடுவதில்லை. தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருகிறான். அதனால்தான் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கிறது, மடையா.

மார்ச் 10
காலையில் மகள் பெட்டியில் வைக்கத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"எதுப்பா?"

"அம்மா இல்லாம."

மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, "நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவளுக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 11
மைத்துனி வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் தனியாகத்தான் திரும்பிப் போனாள்.