இரண்டு வெள்ளை

அன்பு மச்சான் ராஜாங்கத்துக்கு,

மணிமுத்தாற்று வெள்ளம் கடைவீதிவரை ஏறி வந்த வருஷம் நினைவிருக்கிறதா? என் மூத்தவள் பிறந்ததும், பீங்கான் சூளையில் உன் வேலை போனதும் அதே வருஷந்தான். அதைப் பற்றித்தான் பேச வேண்டும். எனக்கு எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர் எழுதுகிறாள். உன் திவசத்துக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள்.

வடக்கே அவளுக்கு என்ன வேலை தெரியுமா? செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைப் பார்த்து, எந்த மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்று சொல்வது. அந்தப் பனி உருகித்தான் கோடையில் வயலுக்குத் தண்ணீர். அவள் சொல்வதை வைத்துத்தான் அடிவாரத்து ஜனங்கள் விதைக்கிறார்கள். விருத்தாசலத்து வெயிலில் வெந்த பெண்ணுக்குப் பனியில் பிழைப்பு! நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

இன்று காலை உனக்கு இலை போட்ட நேரத்தில், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முகம் வெளுத்துப் போனது.

"தப்புப் பண்ணிட்டேன் மாமா. ஒரு பள்ளத்தாக்குல மேகத்தையும் பனின்னு சேத்து அனுப்பிட்டேன். ரெண்டும் வெள்ளைதான். ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு இருக்குது. அதுல பாத்தா பனி கறுத்துப் போவும், மேகம் வெள்ளையாவே நிக்கும். அதைப் பாக்காம வுட்டுட்டேன்."

"வெளிய தெரிஞ்சா?"

"வேலை போவலாம். சொல்லலன்னா, தண்ணி வரும்னு நம்பி வெதச்சிடுவாங்க."

உடனே போனை எடுத்து மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள். "தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள். இத்தனை வருஷமாய் என் தொண்டையில் கிடந்தது அவளுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது.

மச்சான், அன்று பீங்கான் கலவையில் மூட்டையை மாற்றிக் கொட்டியவன் நான். நெருப்பில் உருகுகிற கல்மாவும் வெள்ளை, உருகாத கல்மாவும் வெள்ளை. மூட்டைமேல் எழுதியிருந்தது, எனக்குப் படிக்கவா தெரியும்? சூளையைப் பிரித்தபோது சுட வைத்த ஃபியூஸ் கட்டையெல்லாம் மெழுகாய் வழிந்து கிடந்தது. "எவன்டா கொட்டினது?" என்றார் மேஸ்திரி. கைக்குழந்தைக்காரனான என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "நாந்தாங்க" என்றாய். நான் வாயே திறக்கவில்லை.

வேலையை விட்டுப் போகும்போதுகூட எனக்கு வழி சொல்லிவிட்டுப் போனாய். "சந்தேகம் வந்தா ஒரு சிட்டிகை உருட்டி சூளை வாயில வச்சுப் பாருடா. உருகறது எது, உருகாதது எதுன்னு நெருப்பு சொல்லிடும்." உன் மகள் செய்வதும் அதுதானே?

இந்த இடத்தில் மலரின் பேனா நின்றுவிட்டது.

"எழுதும்மா" என்றேன்.

"நீங்க வந்தா மட்டும் காப்பியில சக்கர கூடப் போடுன்னு சொல்லுவாரு மாமா அப்பா. கோவம் இருந்தா சொல்லுவாரா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள்.

இதோ, வடக்கிலிருந்து போன். விதைப்பு இன்னும் தொடங்கவில்லையாம், ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். இவளுக்கு நல்ல திட்டு, ஆனால் வேலை போகவில்லை. திருத்திய படத்தை எனக்குக் காட்டினாள். பனி கொஞ்சந்தான், கறுப்பாய்த் தெரிகிறது. கொஞ்சமானாலும் நிஜம்.

வெள்ளிக்கிழமை நானும் மலரும் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறுகிறோம். கொட்டியது நான் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன், இது உன்மேல் சத்தியம். அவருக்குக் காது மந்தமாம், உரக்கவே சொல்கிறேன். அன்று சூளையடியில் நின்றவர்களில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான், மேஸ்திரி சிங்காரம்.

உன் மச்சான்,
கோவிந்தன்