பாலுக்கு ஆகாத மாத்திரை

9 ஜூன், திங்கள்

மூணாவது நாளாக மழை. தீவுக்குக் கப்பல் வரவில்லை, கடையில் தக்காளி இல்லை. புளியைக் கரைத்து ஒப்பேற்றினேன். கேவலம். குழம்பும், வைத்தவனும்.

செல்வி படுத்தே கிடக்கிறாள். முகம் உப்பல். பால் பத்தாமல் பாப்பா அழுகை. "எந்நேரமும் என்ன தூக்கம்?" என்று கத்தினேன்.

அவளுடைய தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னதே நான். ஒன்றரை மாசம் ஆச்சு. ஹார்டுவேர் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பிஸ்வாஸ், "தவாய் தூத் மே ஜாயேகா, பாய்" என்றான். மருந்து பாலில் போகுமாம். அவனும் என்னைப் போல ஆணி நிறுக்கிறவன். நம்பினேன்.

"டாக்டரக் கேட்டுக்கலாங்க" என்றாள் செல்வி அப்போதே. "எனக்குத் தெரியாதா?" என்றேன். பத்தாவதில் சயின்ஸ் முப்பத்தாறு மார்க்.

10 ஜூன், செவ்வாய்

கராச்சர்மா போகிற பஸ்ஸில் நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பாவுக்கு மூணரை மாசம். ஒரு மாசத்தில் இருநூறு கிராம்கூட ஏறவில்லை.

டாக்டரம்மா மலையாளி, நல்ல தமிழ். "மாத்திரைய யாரு நிறுத்தினது?"

நான் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்தேன். ரொம்ப ஆர்வமாக.

"நான்தான் மேடம். மறந்துட்டேன்" என்றாள் செல்வி.

திட்டு முழுக்க அவளுக்கு. "உடம்புல சுரக்க வேண்டியது சுரக்கல. அதத்தான் மாத்திரையா குடுக்கறோம். பால்ல கொஞ்சூண்டுதான் போகும், குழந்தைக்கு ஒண்ணும் செய்யாது. நிறுத்தினாத்தான் பால் குறையும்."

நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். நல்லாச் சொல்லுங்க மேடம் என்கிற மாதிரி. த்தூ.

மறக்கக் கூடாதது:
மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும்.
டீ அரை மணி கழித்து.
கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி. (முன்னெல்லாம் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த மேதையும் நான்தான்.)
ரத்த டெஸ்ட் ஆறு வாரத்தில்.
பாப்பா எடை, வர்ற செவ்வாய்.

11 ஜூன், புதன்

சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ரெண்டு தட்டு.)

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி வரிசையில் கர்ப்பிணிகள் நடுவில் நான் ஒருத்தன். "பையா, கௌன்சா மஹீனா?" என்றாள் ஒருத்தி. எத்தனையாவது மாசமாம் எனக்கு. வரிசையே சிரிப்பு.

"நிறுத்தச் சொன்னது நான் மேடம், அவ இல்ல. மன்னிச்சிருங்க" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "சரி. இனி அவங்க மருந்துல கை வெக்காதீங்க. அடுத்த ஆளு."

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன், ஏதோ மெடல் வாங்கியவன் மாதிரி. மடியில் பாப்பா. சப்பிப் பார்ப்பதும் அழுவதுமாக.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஏன், அவங்களுக்கா பால் வத்துச்சு?"