வளைகாப்புக்கு வராதே அக்கா

மாதேஸ்வரி அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே. மாமாவிடம் வேண்டாம், உன் மாமியாரிடம் வேண்டவே வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உறையில் இருக்கும் கடிதம் சாயந்திரம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அதை எல்லாருக்கும் படித்துக் காட்டலாம். இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள் என்று அதில் முதல் வரி இருக்கும். அந்த வரி பொய். கீழே இருக்கிற மற்ற செய்தியெல்லாம் உண்மைதான், அப்பாவுக்கு மூன்று வாரமாக நைட் ஷிப்டு, போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது, எனக்குக் கணக்கில் நாற்பத்தொன்று, நீ பஸ்ஸில் பின்சீட்டில் உட்காராதே, பப்பாளி பக்கம் போகாதே. சௌக்கியம் என்பது மட்டும் பொய். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன் ராத்திரி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, பகலில் பேசினாலோ இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் உன் மாமியார், ரெண்டு பேரும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை வளைகாப்பு ரவிக்கைத் துணியின் மடிப்புக்குள் வைக்கிறேன். நாளைக் காலையில் ஆனந்தராஜ் அண்ணன் புனேவுக்குப் பார்ட்ஸ் லாரி ஓட்டிக்கொண்டு கிளம்புகிறார், பையை வியாழக்கிழமை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வெள்ளிக்கிழமை இங்கே வரப் பஸ் ஏறுவதற்குள் படித்துவிட வேண்டும்.

போன வாரம் வியாழக்கிழமையிலிருந்து அம்மா சரியில்லை. இடது பக்கம் வாயுப் பிடிப்பு என்றாள். சனிக்கிழமையிலிருந்து என்னைப் பக்கத்தில் படுக்க விடவில்லை, சமையலறையில் தனியாகப் பாய் போட்டுக்கொண்டாள். தன் துணியை என்னைத் துவைக்க விடவில்லை. நான் உள்ளே வந்தால் சட்டென்று சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு ரவிக்கை சுருட்டிக் கிடந்தது, எடுத்துப் பார்த்தால் சிவப்புக் கறை. ரத்தம் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. கேட்டால் எறும்பு கடித்தது, சும்மா இரு என்கிறாள். எந்த எறும்பு அக்கா அப்படிக் கடிக்கும்? பக்கத்து வீட்டு முனவர் பேகம் அக்காவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஏ கெம்பம்மா, ரெண்டு நாளா என் வீட்டுப் பக்கம் முதுகு காட்டாமலே போற, என்னா சங்கதி என்று கேட்டார். என் முதுகுல என்ன சினிமாவா ஓடுது பாக்கறதுக்கு என்று அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அந்த அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே தன் துணிக்கொடியை அவிழ்த்துத் தள்ளிக் கட்டிவிட்டார், மகள் ஃபிசாவை நம் வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அப்பா ஷிப்டு முடிந்து வருவதற்கு முன்னால், பின்கதவு மெதுவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. பானை செய்கிற கரியப்பன் காவி குழைத்த ஒரு கொட்டாங்குச்சியோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். அம்மாவின் முதுகுத்தண்டிலிருந்து இடது விலாவைச் சுற்றி முன்பக்கம் வரைக்கும் ஒரே கொப்புளம், முத்து முத்தாக, சிவந்து, நடுவில் தண்ணீர் கோத்து நிற்கிறது. அதன்மேல் அவர் குச்சியால் காவி தொட்டுச் சிங்கம் எழுதுகிறார். அப்போதுதான் எனக்கு அது அக்கி என்று புரிந்தது. ரவிக்கையில் இருந்தது ரத்தம் இல்லை, அவர் முந்தின நாள் பூசிய காவி. சிங்கத்த எழுதிட்டேன் கெம்பம்மா, இனி ஒரு அங்குலம் நகராது, நகந்தா சிங்கத்தோட சம்பளத்துல புடிச்சிக்கோ என்றார் அவர். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவ புள்ளத்தாச்சி, வர்ற ஞாயித்துக்கெழம வளைகாப்பு, அவளுக்கு ஒட்டிக்குமா என்றுதான் கேட்டாள். அக்கி ஒட்டாதும்மா, நாப்பது வருசமா எழுதறேன், எனக்கு ஒட்டிச்சா என்றார். அப்படீன்னா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சம்பந்தியம்மா காதுக்குப் போச்சுன்னா சர்ப்பசுத்து, பாம்பு பாவம், அந்த வீட்டுச் சகவாசமே புள்ளைக்கு ஆகாதும்பாங்க என்று அம்மா சொன்னாள். உன் மாமியார் ஊர்ப்பக்கம் கன்னடத்தில் இதைச் சர்ப்பசுத்து என்றுதான் சொல்கிறார்கள், யாரோ பாம்பை அடித்ததால் வந்தது என்பார்கள். அம்மா மறைப்பது அதனால்தான். அப்பாவுக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது, ரெண்டு நாளாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கரியப்பன் சொன்னதை நான் நம்பவில்லை. முனவர் பேகம் அக்கா பயப்படுகிற மாதிரி எட்டி நின்றால்கூட ஒட்டும் என்பதையும் நம்பவில்லை. நேற்று பள்ளிக்கூடத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வந்த நர்ஸ் நிர்மலா சிஸ்டரிடம் பாடத்தில் வருகிற மாதிரி கேட்டேன். ஒருத்தரோட அக்கி இன்னொருத்தருக்கு அக்கியா ஒட்டாது, அது நெசம்தான் என்றார். சின்ன வயசுல அம்மை போட்டு எறங்கினதுக்கு அப்புறமும் அந்தக் கிருமி ஒடம்ப விட்டுப் போறதில்ல, நரம்புல ஒளிஞ்சிகினு இருக்கும், என்னைக்கோ ஒரு நாள் முழிச்சா அதான் அக்கி, பாம்பும் இல்ல பாவமும் இல்ல என்றார். ஆனால் அடுத்து சொன்னதுதான் அக்கா எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம். அம்மையே வராதவங்க, தடுப்பூசியும் போடாதவங்க அந்தக் கொப்புளத் தண்ணிய தொட்டா அவங்களுக்கு அம்மை வரும், கொப்புளமெல்லாம் காஞ்சி பொருக்குத் தட்டற வரைக்கும் மூடி வெச்சிக்கணும், கைய கழுவிக்கிட்டே இருக்கணும், புள்ளத்தாச்சிங்க கிட்டவே போகக் கூடாது, தாய்க்கும் ஆபத்து புள்ளைக்கும் ஆபத்து என்றார். மாத்திரை இருக்குது, மொத மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, தாண்டினாலும் டாக்டர பாத்துடணும் என்றும் சொன்னார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, யாருக்குடி என்றார். பாடத்துல வந்துச்சு சிஸ்டர் என்றேன். எந்தப் பாடத்துல, நானும் அதே புஸ்தகம் படிச்சவதான் என்றார். நான் ஓடி வந்துவிட்டேன்.

உனக்கு அம்மை வந்ததே இல்லை அக்கா. எனக்கு நாலு வயதில் போட்டபோது அம்மா ராத்திரியோடு ராத்திரியாக உன்னைச் சாமல்பட்டி சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், ஒரு மாதம் கழித்துத்தான் கூட்டி வந்தாள். பெரியவ மேல ஒரு முத்துகூட விழாம காப்பாத்தினேன் என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். நம் ஊரில் அதற்கு ஊசி போட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அம்மை வந்து போய்விட்டது, அதனால் நான் பயப்பட வேண்டியதில்லையாம், ஆனால் நீ அப்படி இல்லை. அம்மா தூக்கத்தில் சொறிகிறாள், சத்தம் எனக்குக் கேட்கிறது. நேற்று மறுபடியும் கதவிடுக்கில் பார்த்தேன், சிங்கத்தையும் தாண்டிப் புதிதாக நாலு கொப்புளம் கிளம்பியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் காயாது. காவி கரையக் கூடாது என்று குளிக்கவும் இல்லை. அந்தக் கையால்தான் உன் கன்னத்தில் சந்தனம் பூசுவாள், அந்த விலாவோடுதான் உன்னைச் சேர்த்து அணைத்துக்கொள்வாள். குழந்தைக்குத் துணி கிழிக்க என்று பையில் தன் பழைய நூல்சேலை ஒன்றும் வைத்திருந்தாள், அதை நான் எடுத்து ஒளித்துவிட்டேன். துவைத்து வெயிலில் போட்டதுதான், இருந்தாலும் எனக்கு இப்போது எதன் மேலும் நம்பிக்கை இல்லை.

அதனால் நீ வெள்ளிக்கிழமை பஸ் ஏறாதே. டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொன்னார் என்று சொல்லிவிடு, இந்த நேரத்தில் அந்த வார்த்தையை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நாளையோ மறுநாளோ உன் டாக்டரிடம் தனியாகப் போய், எனக்கு அம்மை வந்ததில்லை என்று சொல், ரத்தத்தில் பார்த்தால் தெரியும் என்றார் சிஸ்டர். அம்மா மேல் கோபப்படாதே. உனக்கு என்று பச்சையும் சிவப்புமாக நாலு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, தினமும் எடுத்து எண்ணிப் பார்த்து வைக்கிறாள். அவள் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, ஒட்டாது என்று ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நீ வரவில்லை என்றால் அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அழுது முடித்ததும் எப்படியாவது ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போகிறேன், எப்படி என்றுதான் தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்று சொன்னால் என்னை

கதவைத் தட்டுகிறார்கள். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லித்தான் தாழ் போட்டேன். அம்மாதான். கவி, தூங்கிட்டியா, கதவத் தெற கண்ணு, எரியுதுடி, தாங்க முடியல, இந்த முதுக கொஞ்சம் பாரு என்கிறாள். அழுகிறாள் அக்கா. தானாகவே காட்டுகிறேன் என்கிறாள். நான் போகிறேன், நீ மட்டும்