பம்பரில் தேங்காய் எண்ணெய்

ஐப்பசி 9, வியாழன்.

காலையில் என் மனைவி வசந்தாவைத் திட்டிவிட்டேன். புது டாக்சியின் முன்பக்கம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தாள்.

"பூச்சி ஒட்டாதுங்க" என்றாள்.

"மண்ணுதான் ஜாஸ்தி ஒட்டும். பெயின்ட் என்னாவும்?" என்று கத்திவிட்டு, அப்படியே சவாரிக்குக் கிளம்பினேன்.

திரும்பும்போது கீழ்பென்னாத்தூர் சாலையில் மழை விட்டு ஈசல் கிளம்பியிருந்தது. பம்பர் முழுக்க அப்பிக்கொண்டது. வீட்டு வாசலில் ஈரத்துணியால் ஒரு முறை இழுத்தேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பெயின்டில் ஒரு கறை இல்லை.

அவளிடம் சொல்ல உள்ளே போனேன். எண்ணெய் இல்லாத தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் காலி.

"உனக்குக் கொஞ்சம் வெச்சிக்கக் கூடாதா?"

"காருக்கே பத்தலைங்க. சைடு கண்ணாடி ரெண்டும் விட்டுப்போச்சு" என்றாள்.