கட்டைவிரலில் ஆக்ஸிலேட்டர்

என் சமீனா ஆபாவுக்கு, அன்பும் சலாமும்.

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் கம்பெனி கேண்டீனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இங்க வெரல் போன ஆபான்னு ஒருத்தங்க இருந்தாங்களாமே, மவுத்தாயிட்டாங்களா?" என்று கேட்டாள். இறந்துவிட்டீர்களா என்று கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான்தான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். விரல் போன ஆபா. அவ்வளவுதானா நீங்கள்?

அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அவங்க கார் ரேஸ் ஓட்டுவாங்க என்றா? நம்பியிருப்பாளா? ஸ்கூட்டி ஓட்டக்கூடத் தெரியாதே உங்களுக்கு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. ஷூவுக்கான தோல் துண்டுகளின் வடிவத்தை வரைகிற பேட்டர்ன் செக்‌ஷனில் உங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் உங்களை மேடம் என்று கூப்பிட்டேன். "மேடமெல்லாம் வாணாம், ஆபான்னு கூப்புடு. அக்கான்னு அர்த்தம்" என்றீர்கள். அந்த மாதமே உங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை எனக்கு வாடகைக்குப் பேசிக் கொடுத்துவிட்டீர்கள். மாடியில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் ஹபீப் பாயும், கீழே நான்.

டிவியில் கார் ரேஸ் ஆடுகிற கேம் பெட்டி உங்களுடையது இல்லை. துபாயிலிருந்து லீவில் வந்த உங்கள் தம்பி, அடுத்த லீவு வரைக்கும் இருக்கட்டும் என்று டிவிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாடி ஏறி வந்தபோது, தொழுதுவிட்டு எழுந்த துப்பட்டாவோடு தரையில் உட்கார்ந்து, சிவப்புக் கார் ஒன்றை சுவரில் மோதிக்கொண்டிருந்தீர்கள். "கோமதி, இது நிக்கவே மாட்டேங்குதுடி. பிரேக்கு எங்க இருக்குது பாரு!"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் நமக்கு அதுதான். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு ரேஸ். நான் எல்லா வளைவிலும் முழு வேகத்தில் போய்ப் புல்லில் புரளுவேன். நீங்கள் வேறு மாதிரி. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, உள்ளே மெதுவாக நுழைந்து, வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறப்பீர்கள். கன்ட்ரோலரின் வலது பக்கம், ஆட்காட்டி விரல் படுகிற இடத்தில் ட்ரிகர் இருக்குமே, அதுதான் ஆக்ஸிலேட்டர். அதைக் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று உங்கள் விரல் அழுத்துவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தோலின் மேல் பேனாவால் கோடு போடுகிற அதே நிதானம்.

அந்த விரல்தான் போயிற்று. சாம்பிள் ரூமில், அச்சு வைத்துத் தோலை வெட்டுகிற மெஷினில். அன்றைக்கு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்களும் யாரிடமும் விவரித்ததில்லை. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. மவுஸை நடுவிரலால் அழுத்தக் கற்றுக்கொண்டீர்கள். டீ டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டீர்கள். கன்ட்ரோலரைத் துணியில் சுற்றி பீரோவின் மேல் வைத்துவிட்டீர்கள்.

அதற்கு முன்னால் நடுவிரலால் ட்ரிகரை அழுத்தி ஓட்டிப் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். பிடிக்கிறதற்கு விரல் போதாமல் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு இழுத்துக்கொண்டது. "விடு கோமதி. பொம்மைக் காரு தானே" என்றீர்கள். பொம்மைக் கார் என்று அதற்கு முன்னால் ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை ஆபா.

விலை கூடின கன்ட்ரோலர்கள் இருப்பதை நான் அப்போதுதான் படித்தேன். பின்பக்கம் கூடுதலாகத் துடுப்பு மாதிரி பட்டன்கள், எந்த பட்டனை எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ட்ரிகரின் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. மாடிக்கு ஓடி வந்து சொன்னேன். விலையைக் கேட்டதும் ஹபீப் பாய் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இது ரொம்ப ஜாஸ்தி, கோமதி. கேம்முக்கா இவ்ளோ?"

"கேம்முக்கு இல்ல பாய். கைக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேலூருக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் நல்லவர்தான், வியாபாரம் தெரிந்தவர். "அக்கா, இதுல ட்ரிகரைச் சின்னதா வெச்சிக்கலாம். லேசா தொட்டாலே போதும், ஃபுல்லா அழுத்தின மாதிரி." நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "லேசா தொட்டா ஃபுல்லா போவும்னா, பாதி வேகத்துல போறதுக்கு இன்னா பண்றது தம்பி?" அவர் தலையைச் சொறிந்தார். அவர் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்கள். சுடுவதற்குப் பாதி, முக்கால் கிடையாதே. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேதான் அதை வாங்கினோம். நான்தான் அவசரப்பட்டேன்.

அந்த வாரம் நம் மூன்று பேருக்கும் பேஜாராகப் போனது. சின்னதாக்கிய ட்ரிகரைத் தொட்டதும் கார் சீறிக்கொண்டு போய்ச் சுற்றிக்கொண்டது. சரி என்று பின்பக்கத் துடுப்பை ஆக்ஸிலேட்டராக மாற்றினோம். அது வெறும் பட்டன். உண்டு, இல்லை என்று இரண்டுதான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் சுவர். நாலாவது தடவை மோதியதும் நீங்கள் கன்ட்ரோலரை மெதுவாக, உடையாமல், பெட்டிக்குள் வைத்து மூடினீர்கள். தூக்கி எறிந்திருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வழியைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். புதன்கிழமை சாயந்திரம், கம்பெனி பஸ்ஸில், வாணியம்பாடிப் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகையில் என் முழங்கையை இடித்தீர்கள்.

"கோமதி, ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் கட்டைவெரலால தள்ற ஸ்டிக்கு இருக்குதுல்ல, அதே மாதிரி வலது பக்கமும் ஒண்ணு சும்மா கெடக்குதே. அதைக் கொஞ்சமா தள்ளினா கொஞ்சமா போவும், ஜாஸ்தி தள்ளினா ஜாஸ்தி போவுமா?"

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மாடிக்கு ஓடினோம். வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஆக்ஸிலேட்டர், கீழே இழுத்தால் பிரேக். கியர் மட்டும் பின்பக்கத் துடுப்புகளில், மோதிர விரல்களுக்கு. முதல் வளைவில் மோதினீர்கள். இரண்டாவதில் மோதவில்லை. அந்த ரேஸ் முடிவதற்குள் உங்கள் கட்டைவிரல், போன விரலின் நிதானத்தைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். விபத்துக்குப் பிறகு பல் தெரிய நீங்கள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் உங்கள் குணம் சும்மா இருக்குமா? "இதைப் பழைய கன்ட்ரோலர்லயே பண்ணியிருக்கலாமே! காசு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பழையதை இறக்கச் சொன்னீர்கள். பண்ணிப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டர் வேலை செய்தது. ஆனால் கியர் மாற்ற வலது கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் கார் வேகம் இழந்துவிடும். கியரை இடது கையில் மேலும் கீழுமாக இருக்கும் பட்டன்களுக்கு மாற்றினோம், இடது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டதும் ஸ்டியரிங் ஆடியது. போதாக்குறைக்குப் பழைய ஸ்டிக் தேய்ந்துபோய், தொடாமலே கார் ஒரு பக்கம் இழுத்தது. ஹபீப் பாய் அத்தனையையும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்திருந்துவிட்டு, "அப்போ வாங்கினது தப்பில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீ போடப் போனார்.

வேலூர் கேமிங் சென்டரில் போட்டி என்று நான் பெயர் கொடுத்தபோது என்னோடு இரண்டு நாள் பேசவில்லை நீங்கள். வந்தது எல்லாம் காலேஜ் பையன்கள். புர்கா போட்ட ஒருத்தர் சொந்த கன்ட்ரோலரோடு உள்ளே வந்ததும், யாரோ பையனைக் கூட்டிப் போக வந்த அம்மா என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். "ஆடறதுக்கு வந்திருக்காங்க" என்று நான் சொன்னேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

உட்கார்ந்ததும் கையை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எடுத்தீர்கள். பக்கத்தில் இருந்த பையன் பார்த்தான், சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டான். நீங்கள் கையை மறைக்கவில்லை. மேஜை மேல் வைத்து, துடுப்புகளில் விரல்களைச் சரிபார்த்துக்கொண்டீர்கள்.

மழை பெய்கிற ட்ராக் அது. பையன்கள் முழு வேகத்தில் போய் வளைவுகளில் ஒவ்வொருவராக வழுக்கினார்கள். உங்கள் நீலக் கார் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எது உங்கள் கார் என்று தெரியாமல் ஹபீப் பாய் வேறொரு காருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் இழுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கைதட்டவே மறந்துவிட்டார். நீங்கள் மூன்றாவதாக வந்தீர்கள்.

பக்கத்துப் பையன் எழுந்து வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஆன்ட்டி, இந்த கன்ட்ரோலர் இருந்தா நல்லா ஓட்டலாமா? வாங்கலாமா?"

"ஒனக்கு வாணாம்பா" என்றீர்கள். "உன்கிட்ட எல்லா வெரலும் இருக்குது. நீ வளைவுல கொஞ்சம் கம்மியா அழுத்து, போதும். எனக்கு நல்லா ஓட்டறதுக்கு இல்ல, ஓட்டறதுக்கே இது வேணும்." சொல்லிவிட்டு அந்தக் கையையே அவனிடம் நீட்டினீர்கள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஆம்பூர் வரைக்கும் துப்பட்டாவுக்குள் போகவில்லை.

போன மழைக்காலத்துக் காய்ச்சலை நாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லையே ஆபா. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, ஊசி போட வந்த நர்ஸிடம், "இடது கையில போடுமா, வலது கட்டைவெரலு எனக்கு ஆக்ஸிலேட்டரு" என்று சொல்லி அவளைக் குழப்பினீர்கள். நானும் சிரித்துவிட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்று கிளம்பினேன். சனிக்கிழமைக்கு நீங்கள் இருக்கவில்லை.

இங்கத்தி சேதி சொல்கிறேன். உங்கள் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. உங்கள் தம்பி துபாயிலிருந்து போன் செய்து, கேம் பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். செக்‌ஷனில் ஒருவர், கார் கேமுக்கு விலை கூடின கன்ட்ரோலர் வாங்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். கியரை ஆட்டோமேட்டிக்கில் விட்டு ஓட்டுகிறவர்களுக்கு வேண்டாம், பழையதன் ஸ்டிக் தேயாமல் இருந்தால் வேண்டாம், ட்ரிகரைச் சின்னதாக்கலாம் என்று சொல்லி விற்றால் கட்டாயம் வேண்டாம் என்றேன். பிறகு, உங்க கையைக் காட்டுங்க என்றேன். அவர் விழித்தார்.

பெரிய சேதி ஹபீப் பாய்தான். நீங்கள் போன பிறகு அவர் டிவி பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து கூப்பிட்டார். "கோமதி, இதை எப்டி ஆன் பண்றது?" போய்ப் பார்த்தால் உங்கள் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலேட்டரை ட்ரிகருக்கு மாற்றிக் கொடுக்கட்டுமா, சுலபமாக இருக்கும் என்று கேட்டேன். "வாணாம். அவ எப்டி ஓட்டினாளோ அப்டியே இருக்கட்டும்" என்றார்.

ரேஸ் தொடங்கியதும் மற்ற கார்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. இவர் மாட்டுவண்டி வேகத்தில் போனார். "போறவங்க போவட்டும், நமக்கு இன்னா அவசரம்" என்றார். பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார். "இந்தக் கொகை ஒண்ணு வரும்ல, அதைத் தாண்டினதும் அவ எப்பவும் 'ஹா'ன்னு ஒரு சத்தம் குடுப்பா. நான் உள்ள பேப்பர் படிச்சினு இருப்பேன். இன்னாத்துக்குன்னு ஒருநாளும் கேக்கல."

அந்தக் குகையை அவர் ஊர்ந்து ஊர்ந்து தாண்டினார். இருட்டு முடிந்து வெளியே வந்ததும் திரை முழுக்கக் கடல். வெயில் பட்டு மின்னுகிற நீலக் கடல். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்குத்தானா" என்றார். "இதைப் பாத்துத்தானா."

ஆபா, நீங்கள் அந்தக் கடலை ஒருநாளாவது பார்த்தீர்களா? குகை முடிந்ததும் சட்டென்று ஒரு வலது வளைவு. அங்கே கியரைக் குறைக்கத் தவறினால் சுவர். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் தப்பித்துத்தான் நீங்கள் அந்தச் சத்தம் போடுவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொல்லவில்லை. "ஆமா பாய், இதுக்குத்தான்" என்றேன். சொன்னது சரிதானா ஆபா?

அவர் ஒருநாள் வேகம் பிடிப்பார், அப்போது அந்த வளைவும் அவருக்குத் தெரிய வரும். அதுவரைக்கும் கடலே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஏறி வருவேன். அவர் எத்தனை மெதுவாக ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உங்கள் கீழ்வீட்டுத் தங்கச்சி,
கோமதி