ஓரத்தில் நின்ற மான்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் என் பொழுது விடிகிறது. போன் இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்பாய். போனில் நீ "ம்... சரிக்கா... அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்?

நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. ஊருக்கெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவளுக்கே ஒரு பார்சல் வந்ததில் எங்கள் கோடவுன் முழுக்க ஒரே சிரிப்பு. மேனேஜர் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். காலையில் கிளம்பும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். வேன் கண்ணாடி வழியாக வருகிற குளிர் இப்போது கிட்டே அண்டுவதில்லை. நீ மகராசனாக இருக்க வேண்டும் என்று தினமும் ஒரு தடவை வாழ்த்திவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.

வண்டி அதே பழைய வண்டிதான். ரூட்டும் அதேதான். கால்வாய்ப் பாலம், சோளக்காடு, கல்குவாரி, அதற்கப்புறம் காட்டை ஒட்டிப் போகிற அந்த நீண்ட ரோடு. எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறேன், இந்த ரூட் மட்டும் எனக்கு அலுத்ததே இல்லை. காரணம் மான்கள். பாலம் தாண்டியதும் இடது பக்கப் புல்லில் ஒரு கூட்டம் நிற்கும். குவாரிக்கு அப்புறம் வலது பக்கப் புதரோரம் இன்னொரு கூட்டம். அதில் காது கிழிந்த ஒரு ஆண் மான் உண்டு. கிழிகாதன் என்று பேர் வைத்திருக்கிறேன். ஹாரன் அடித்தாலும் நகராமல், வாடகை பாக்கி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பான்.

இந்த வருஷம் அதெல்லாம் போச்சு, தம்பி. மான் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் வலது பக்கக் கூட்டம் காணாமல் போனது. பிறகு இடது பக்கத்திலும் ஒன்றிரண்டுதான். சில நாள் ரோடு முழுக்க ஓட்டியும் ஒரு வால்கூடக் கண்ணில் படுவதில்லை. யாரோ வேட்டையாடுகிறார்கள், இல்லாவிட்டால் நாய்க்கூட்டம் விரட்டுகிறது. உன் மாமா மோட்டார் ரிப்பேருக்கு அந்தப் பக்கம் போய் வருகிறவர். "மான் எல்லாம் அப்படியேதான் நிக்குது, நேத்துகூடப் பார்த்தேன்" என்கிறார். அவர் தூரத்தில் ஆட்டைப் பார்த்தாலே மான் என்று சொல்லுகிற ஆள். அவர் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வனத்துறை ஆபீசுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. கோடவுன் கேட் தூணில் இடித்து வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. தூண் நேற்றுவரை தள்ளி இருந்ததா என்று உன் மாமா கேலி செய்கிறார். ரோட்டில் சைக்கிள்காரர்கள் எங்கிருந்துதான் முளைக்கிறார்களோ, திடீர் திடீரென்று வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒருவரை நன்றாகத் திட்டிவிட்டேன். பாவம், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. மானைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிற ஒரே டிரைவர் நீதான் என்று கேலி செய்திருக்கிறாய். பரவாயில்லை. இந்தக் கடிதமும் மானைப் பற்றியதுதான். உட்கார்ந்து நிதானமாகப் படி.

என் புகாரைப் படித்துவிட்டு ஒரு வனக்காவலர் கோடவுனுக்கே வந்தாள். சின்னப் பெண். காக்கிச் சட்டை, தூசி படிந்த ஷூ, சிரித்த முகம். நான் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். கடைசியில், தயங்கித் தயங்கி, இந்த வருஷம் மான் கூடித்தான் இருக்கிறது, காட்டுக்குள் தண்ணீர்க் குட்டை வெட்டியதிலிருந்து குட்டிகள் நிறையப் பிழைத்திருக்கின்றன என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் கூடித்தான் இருக்கும், தினமும் அந்த ரோட்டில் போகிறவள் நானா நீயா என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப நான் ஒரு நாள் உங்க வண்டியிலேயே வரட்டுமாக்கா? சேர்ந்தே பார்த்துடலாம்" என்றாள்.

மறுநாளே வந்தாள். கால்வாய்ப் பாலம் தாண்டினோம். "பார்த்தியா, ஒண்ணும் இல்லை" என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அதோக்கா, இடது பக்கம்" என்றாள். தலையைத் திருப்பினேன். நின்றுகொண்டிருந்தன, தம்பி. பெரியதும் சின்னதுமாக ஒரு பெரிய குடும்பம். காட்டில் வேலை செய்கிறவள், கண் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் "அதோ, வலது பக்கம்" என்றாள். அங்கேயும் இருந்தன. குவாரி தாண்டி மறுபடியும் "அதோ." ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லி, நான் திரும்பி, அதற்கப்புறம்தான் மான் தெரிந்தது. அவள் சொல்லாத இடத்தில் எனக்கு ரோடு மட்டும்தான்.

போகப் போக அவள் மான் காட்டுவதை நிறுத்திவிட்டாள். மானை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக, வண்டியை ஓரம் கட்ட முடியுமா என்று கேட்டாள். நிறுத்தினேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்கக்கா. என் கை எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க" என்றாள். நான் அவள் மூக்கையே பார்த்தேன். கொஞ்ச நேரம் போயிற்று. முதலில் கையைத் தூக்கு, அப்புறம்தானே தெரியும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கண்ணை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். கை ஏற்கெனவே என் காதுக்குப் பக்கத்தில், விரலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

அவள் மாமியாருக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். நடுவில் பளிச்சென்று தெரியுமாம், ஓரம் மட்டும் சத்தமில்லாமல் போய்விடுமாம். "பயப்படாதீங்க, ஆனா இன்னைக்கு நீங்க ஓட்ட வேண்டாம், சாவியைக் கொடுங்க, எனக்கும் ஓட்டத் தெரியும்" என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் கேட்ட விதம் அப்படி. கொடுத்துவிட்டேன். மீதிப் பார்சல் எல்லாவற்றையும் அவளே ஓட்டிக்கொண்டு வர, நான் இறங்கி இறங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு மான்கள்! புல்லில் படுத்தவை, காதைச் சிலுப்பிக்கொண்டு நிற்பவை, தாயின் வயிற்றை முட்டுகிற குட்டிகள். கிழிகாதனும் இருந்தான், அதே முறைப்போடு. எனக்கு அழுகை வந்தது. பயத்தில் என்று நினைத்து அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில், எல்லாம் செத்துப்போய்விட்டன என்று நினைத்திருந்தேனே, எல்லாம் உயிரோடு இருக்கின்றனவே என்றுதான் அழுதேன்.

அந்தத் தூணையும் சைக்கிள்காரரையும் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் எங்கிருந்தும் முளைக்கவில்லை, பாதையோரமாக ஒழுங்காகத்தான் வந்திருப்பார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். உன் மாமா கடையை மூடிவிட்டு வருகிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ கவலைப்பட்டு அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

*

என் அன்புத் தம்பிக்கு,

நீ மூன்று தடவை போன் செய்து மாமாவிடம் விசாரித்தாய் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் பேசினால் அழுதுவிடுவாய் என்றுதானே அவரிடம் பேசினாய்? உன்னை எனக்குத் தெரியாதா.

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோயாம். கிளாக்கோமா என்கிறார்கள். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வருமாம். போன பார்வை திரும்பாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாமாம். இன்னும் கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டிருந்தால் நடுவிலும் கை வைத்திருக்குமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மான் குறைந்துபோச்சு என்று வனத்துறைக்குப் புகார் கொடுத்தேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு நல்ல விருந்து வைக்க வேண்டும் என்றார்.

வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாவியைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். அந்தக் கதையை நீட்டவில்லை. மேனேஜர், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மதியம் ஆள் இருக்கமாட்டார்கள் என்று உனக்குத்தானே தெரியும், நீ உள்ளே உட்கார்ந்து பார்சலைப் பிரித்து ரூட் போட்டுக் கொடு என்று கேட்டுக்கொண்டார். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையோ என்று முதலில் ஒரு உறுத்தல். இப்போது புது டிரைவர்கள் எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று வந்து நிற்கிறார்கள். உறுத்தல் போய்விட்டது.

சொட்டு மருந்து விடுவது உன் மாமா. மோட்டாருக்கு ஆயில் விட்டுப் பழகிய கை. முதல் வாரம் பாதி மருந்து என் மூக்கில்தான் இறங்கியது. இப்போது தேறிவிட்டார். மருந்து விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், நான் பிடிப்பதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் என் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு கவனமாகப் பார்த்ததே இல்லை. அதுவும் ஒரு லாபம்தான்.

வனக்காவலர் பெண் லீவு நாளில் ஜீப்பில் வந்து கூப்பிடுகிறாள். நான் ஆந்தை மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு முன்னால் நான் "அதோ" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு டீ அவள் செலவு.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று சில நாளாக யோசித்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது, மாமா பக்கத்தில் இருந்தும், என் கை தானாகச் சுவரைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அப்படிச் சுவரைத் தடவி நடக்கிற கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீயும் பார்த்திருக்கிறாய்.

அப்பா கடைசி வருஷங்களில் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பார். நடையில் வைத்த வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு, யார் இங்கே வைத்தது என்று கத்துவார். தெருவில் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொன்னாலும் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார். தலைக்கனம் என்றார்கள். கோபக்காரர் என்றார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

நீ ஊரைவிட்டுப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் நானும் நின்றோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாய். அவருக்குப் பக்கவாட்டில்தான் உன் பஸ் நின்றது. அவர் திரும்பவே இல்லை. "நான் போறது அவருக்கு நிம்மதிக்கா" என்று அப்புறம் என்னிடம் சொன்னாய். அதை நானும் மறுத்துப் பேசவில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. உன் பஸ் திரும்பி, தெரு முனை தாண்டி, புழுதியும் அடங்கிய பிறகு அப்பா என்னிடம் கேட்டார், "வண்டி கிளம்பிடுச்சாம்மா?" என்று. மனசில்லாமல் பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, ம் என்றேன். அதற்கப்புறமும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அடுத்த தடவை போய் இதையெல்லாம் சொன்னபோது டாக்டரம்மாவும் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். எனக்கு அந்த "இருக்கலாம்" போதும், தம்பி. இத்தனை வருஷம் கழித்து அப்பாவை ஒரு பிரியத்தோடு நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார முடிகிறது. உனக்கும் போதுமா என்று நான் கேட்கமாட்டேன். அது உன் பாடு.

ஆனால் இதை மட்டும் கட்டாயம் கேட்பேன். இது கூடப் பிறந்தவர்களுக்கும் வரக்கூடியதாம். உனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது, வலிக்காது, எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது என்று என்னிடம் சாக்குச் சொல்லாதே. இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. உட்கார வைத்து, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள். அக்காவுக்கு இருக்கிறது என்று சொல். அதற்கு முன்னால், எங்க அப்பாவுக்கு இருந்தது என்று சொல்.

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராது. வரவிடமாட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அக்கா