குரல்களை உள்ளே வைத்திருந்த கீபோர்டு

அக்கா,

இன்று மத்தியானம் பழைய மைக் இருந்த பெட்டியைத் திறந்தேன். பூஞ்சணம் பிடித்த பஞ்சின் வாடை. மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், சீசன் மாதங்களில், நம் மலையில் ஏரிக்குப் பக்கத்து ஓட்டலில் சாயங்கால டீ நேரத்துக்கு நீங்கள் பாடுவீர்கள், நான் கீபோர்டு வாசிப்பேன். இரண்டாம் குரல் பாடிய உங்கள் தங்கை கல்யாணமாகிக் கன்னிவாடிக்குப் போனதும் பாட்டு மொட்டையாகிவிட்டது. அப்போதுதான், ஊர் திரும்பவிருந்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் தன்னிடமிருந்த இரண்டு சாமான்களைக் காட்டினார். ஒன்று தனிப் பெட்டி. மைக்கையும் ஏதாவது ஒரு கீபோர்டையும் அதில் சொருகிவிட்டால், பாடுகிற ஒரு குரல் மூன்று குரலாக வரும். இன்னொன்று, அந்த வேலையைத் தனக்குள்ளேயே செய்கிற கீபோர்டு. இரண்டில் ஒன்றைத்தான் நம்மால் வாங்க முடியும்.

அதே வாரம் மதுரைக் கச்சேரிக் குழு ஒன்று உங்களைக் கூப்பிட்டிருந்தது. கீபோர்டு வாசிக்க அவர்களிடம் ஆள் இருந்தது. இரண்டாம் குரலுக்கு ஏற்பாட்டோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தனிப் பெட்டியை வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பஸ் ஏறிவிடலாம். கீபோர்டு என்றால் அது என் கையில், இங்கேயே இருக்கும்.

"வாசிக்கிறவ நீதான புள்ள. நீயே சொல்லு," என்றீர்கள்.

நான் கீபோர்டைச் சொன்னேன். வயர் குறைவு, இந்த மலை ஈரத்தில் வயர் முனையெல்லாம் துருப்பிடித்துப்போகும் என்று காரணங்களை அடுக்கினேன். நீங்கள் கீபோர்டுக்கே பணத்தைக் கொடுத்தீர்கள். வர முடியவில்லை என்று மதுரைக்கு ஒரு கார்டு போட்டுவிட்டீர்கள்.

மூன்று சீசன் ஓடியது. நான்காவது சீசனில் விடாமல் பெய்த மழையில் ஈரம் உள்ளே இறங்கி, பாட்டின் நடுவில் கீபோர்டு நின்றது. அதோடு அந்தக் குரல்களும் போயின. தனிப் பெட்டியாக இருந்திருந்தால் பெட்டி, கீபோர்டு இரண்டில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். நீங்கள் நிறுத்தவில்லை. மிச்சப் பாட்டை வெறும் குரலில் பாடி முடித்தீர்கள். நான் கட்டைகளின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு இறங்கி வருகிற வழியில் சொல்லிவிட்டேன். வயருக்காக இல்லை, நீங்கள் என்னை விட்டுப் போய்விடுவீர்கள் என்றுதான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்று. நீங்கள் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தெரியும் புள்ள. எனக்கும் போகப் பயம்தான். அதான் உன்னையச் சொல்லச் சொன்னேன்."

அதற்குப் பிறகு ஓட்டல் பக்கம் நாம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மட்டும் சேர்ந்து பாடினோம், போன மழைக்காலத்தில் நீங்கள் படுக்கையில் விழுந்து கண்ணை மூடுகிறவரை. அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். நிஜமாகவே பயந்தீர்களா, இல்லை என் மனசு ஆறட்டும் என்று சொன்னீர்களா?

நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிக்கொள்ளலாம் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் முடிவதில்லை, அக்கா.